கந்தக பூமி – 17: கயிறு பிடிக்கும் நாள்

கன்று நடுவதற்கு முந்தின நாள் கயிறு பிடிப்பார்கள். சாத்தூருக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டில், போன ஐப்பசியில் நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிற்றில் பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. முடிச்சு விழுந்த இடமெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு. நடப்போவது பெருமரம், தீக்குச்சிக்கான மரம்.

"ஒம்பதடியா வச்சா ஏக்கருக்கு நூறு கன்னு கூடப் போகுமே, அண்ணாச்சி" என்றார் குழி வெட்ட வந்தவர்.

காட்டுக்காரர் கயிற்றை விடவில்லை. "குச்சிக்குத்தான்யா நடுறோம், விறகுக்கா?"

அந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவே இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி, 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். பட்டாசும் அச்சும் அதன் பிறகு வந்தவை. ஆனால் குச்சிக்கான மரம் இந்த மண்ணில் இல்லை; மட்டியும் மற்ற மென்மரங்களும் கேரளத்திலிருந்து லாரி லாரியாக வந்தன. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி பெருமரத்தை ஒப்பந்தச் சாகுபடிக்குக் கொண்டுவந்த பிறகுதான், நம் புஞ்சைக்காரர்களும் அதை ஒரு பயிராகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மரத்தைக் குச்சியாக்கும் இடத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். துண்டு போட்ட கட்டை லேத்தில் சுழல்கிறது. கத்தி அதன் மேல் படிந்ததும், சுருட்டி வைத்த பாயை விரிப்பதுபோல ஈரத் தகடு நீளமாக வெளியே வருகிறது. சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனம். கிளை முளைத்த கணு ஒன்று வந்தால் போதும், தகடு கிழியும். தப்பி வந்த குச்சியும் பெட்டியில் உரசும்போது கணுவில் ஒடியும். எல்லாம் சீவி முடிந்ததும் நடுவில் ஓர் உருளைக் கட்டை மிஞ்சுகிறது. அதற்கு மேல் கத்தி போகாது. மெல்லிய மரமென்றால் பாதி மரம் அந்த மிச்சத்திலேயே போய்விடும்.

ஆகவே குச்சி மரம் கணு இல்லாமலும் இருக்க வேண்டும், பருத்தும் இருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. நெருக்கி நட்டால் கீழ்க்கிளைகள் வெயில் படாமல் விரல் பருமனிலேயே பட்டு உதிரும். தண்டு சுத்தமாக ஏறும், ஆனால் பருக்காது. தள்ளி நட்டால் தண்டு பருக்கும், கைப் பருமன் கிளைகளும் கூடவே பருக்கும். உயரம் மட்டும் இரண்டிலும் பெரிதாக மாறுவதில்லை.

இதை உலகம் பைன் மரங்களில்தான் அதிகம் சோதித்துப் பார்த்தது. தென்னாப்பிரிக்காவில் வனவியலாளர் ஓ'கானர் 1930-களிலேயே தொடங்கினார். 1962-ல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் நெல்டர் ஓர் அழகான வழி சொன்னார்: வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல வரிசை பிடித்து நடு, நடுவில் நெருக்கம், வெளியே போகப் போக அகலம். ஒரே வயலில் எல்லா இடைவெளியும் கண்ணுக்குத் தெரியும். டக்ளஸ் ஃபிர் போன்ற ஊசியிலை மரங்களில் ஒரு வியப்பும் கிடைத்தது. முதல் சில ஆண்டுகள் நெருங்கி நின்ற கன்றுகளே வேகமாக வளர்ந்தன. தள்ளி நின்றவை பிறகுதான் முந்தின. மூன்றாம் வருடத்துக் கன்றைப் பார்த்து இடைவெளி சரியென்று சொல்லிவிடக் கூடாது.

வடக்கே தராய்ப் பகுதியில் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி விவசாயிகளிடம் பாப்லர் நடச் சொன்னபோது 5 மீட்டருக்கு 4 மீட்டர், எக்டேருக்கு 500 மரம் என்ற கணக்கு நிலைத்தது. ஊடே கோதுமை விளைந்தது. அங்கே தண்ணீர் உண்டு. விருதுநகரில் ஆண்டு மழையே 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். இங்கே இலைகள் வெயிலுக்குப் போட்டியிடும் முன்பே, வெடித்த கரிசலுக்குள் வேர்கள் ஈரத்துக்குப் போட்டியிடத் தொடங்கிவிடும். என்னைக் கேட்டால் பத்தடியும் நெருக்கம். பன்னிரண்டடி வைத்து, கிளைகளை இளசிலேயே கவாத்து செய்வேன்.

காட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு வேறு கணக்கு. ஏக்கருக்கு 435 கன்று. நாலாம் வருடம் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துவிடுவாராம்.

"நல்லா நிக்கிற மரத்த வெட்ட மனசு வருமா, அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்லவில்லை. சுண்ணாம்புச் சட்டியை வாங்கி, ஒன்றுவிட்டு ஒரு பொட்டின் மேல் குறுக்கே கோடு இழுத்துக்கொண்டே வரிசையின் கடைசிவரை போனார்.

(தொடரும்)