உங்களுக்குத் தெரியுமா? ஐந்தே நிமிடத்தில் நிரம்பும் எண்ணி

லினக்ஸ் இயங்குதளம், கணினி தொடங்கியது முதலான நேரத்தைக் கணக்கிட வைத்திருக்கும் ‘ஜிஃபீஸ்’ என்னும் துடிப்பு எண்ணியைப் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. அதன் 32 பிட் எல்லை நிரம்புவதற்கு 5 நிமிடங்கள் முந்தைய மதிப்பிலிருந்தே தொடங்குகிறது.

• எல்லையைத் தொட்ட எண்ணி மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும்போது தடுமாறக்கூடிய நிரல்கள், பல மாதங்கள் கழித்துப் பயனரிடம் அல்லாமல், சோதனையின்போதே பிடிபட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட, பெரிதும் பாராட்டத்தக்க ஏற்பாடு இது.

• நொடிக்கு 100 துடிப்புகள் எனில், அவ்வெண்ணி முழுதாக நிரம்ப 497 நாட்கள் ஆகும்.

• விண்டோஸ் 95, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிநொடிகளை 32 பிட்டில் எண்ணியதால், 49.7 நாட்கள் இடைவிடாது இயங்கினால் உறைந்துபோகக்கூடியதாக இருந்தது. அது வெளிவந்து சில ஆண்டுகளுக்குப் பின்னரே இக்குறை தெரியவந்தது.