சட்டிக்கு அடியில் வேப்பிலை

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி வருகிறவரிடம், "கை சுடலையாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆத்தா பாத்துக்கிருவா" என்பார். பொய்யில்லை. ஆனால் முல்லையாற்றில் முங்கி எழுந்த ஈரம் வேட்டியில் சொட்ட, சட்டிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு கொத்து வேப்பிலையும் இருக்கும்.

எழுத்தாளர்களின் பேட்டிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்பிலைதான் ஞாபகம் வரும். எப்படி எழுதினீர்கள் என்றால், "அதுவா வந்துச்சு" என்பார்கள். கேட்பவர் கெட்டிக்காரர் என்றால் அதோடு விடமாட்டார். 1958இல் 'பாரிஸ் ரிவ்யூ'வுக்காக ஜார்ஜ் பிளிம்ப்டன் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 தடவை மாற்றி எழுதிய கதையை ஹெமிங்வே சொன்னார்.

நம்மிடம் அந்த வேலையைச் செய்தது கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த 'சுபமங்களா' இதழ். 1991 முதல் 95 வரை அதில் வந்த நேர்காணல்கள் 'கலைஞர் முதல் கலாப்ரியா வரை' என்று நூலாகவும் வந்தன. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

கி. ராஜநாராயணன் இருந்த காலத்தில் அவரைக் கேட்டால், மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும் அங்கேயும் மழையைத்தான் பார்த்ததாகவும் சொல்வார். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். சொன்னவர் யார்? கரிசல் வட்டாரத்துப் பேச்சுக்கு அகராதியே தொகுத்தவர். சம்சாரிகளும் கிழவிகளும் புழங்கிய சொற்களைக் காதால் வாங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்தவர். அத்தனை உழைப்பையும் ஒரு கேலிக்குள் ஒளித்துவைத்தார், ஏமாந்தது நாம்தான். அவருடைய குணமும் தொழிலும் அந்த ஒற்றை வாக்கியத்திலேயே இருக்கின்றன.

எங்கள் தேனியிலும் இப்படி இரண்டு எழுத்தாளர்கள். பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பின்னர் பார்வை திரும்பப் பெற்ற சீருடையான், அந்த வாழ்க்கையை 'நிறங்களின் உலகம்' நாவலாக்கினார். ம. காமுத்துரை வாடகைப் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே சமையல்காரர்களைப் பற்றி 'குதிப்பி' எழுதினார். இவர்களிடம் போய், "இன்றைய இலக்கியப் போக்கு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். வேண்டாம்.

பேட்டி எடுக்கத் தேனிக்கு வரும் தம்பிகளே, வாடகைக்குப் போன அண்டா திரும்பி வரும்போது சமையல்காரர் என்ன பேசிக்கொண்டு வருவார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் குறுக்கே பேசாமல் இருங்கள்.