பழைய வர்ணத்தைச் சுரண்டுமுன்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால் குமணன்சாவடியில் நம் பழைய வீடுகளின் கதவு, சன்னல்களில் உப்புத்தாள் உரசும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். அப்போது பறக்கும் தூசியை நாம் பொருட்படுத்துவதில்லை. அதில் காரீயம் கலந்திருக்கக்கூடும். (பாத்திரத்திற்குப் பூசும் ஈயம் வேறு, அது வெள்ளீயம்.)

வர்ணத்தில் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய எனாமல் வர்ணத்தைக் கண்ணால் கண்டு தீர்மானிக்க இயலாது. தவழும் மழலை விரல் சப்பும்போது அந்நஞ்சு உட்சென்று மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். சுரண்டும் தொழிலாளரோ அதைச் சுவாசிப்பதோடு, தம் சட்டையில் வீட்டுக்கும் கொண்டு செல்கிறார்.

அமெரிக்காவில், 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் இவ்வேலைக்குச் சான்று பெற்ற நிறுவனத்தாரையே அமர்த்தவேண்டும் என்பது 2010 முதல் சட்டம். நமக்கு அவ்வேற்பாடு இல்லை. எனவே வேலைக்கு அமர்த்தும் நாமே கேட்டாகவேண்டும். முதலில், உரிந்த துண்டை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுங்கள். காரீயம் இருந்தால், நனைத்தபின் சுரண்டவும், தீக்கொண்டு உரிக்காதிருக்கவும், ஈரத்துணியால் துடைக்கவும் உடன்படுபவரையே அமர்த்துங்கள். குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் அந்நாட்களில் உறவினர் வீட்டில் தங்கட்டும். வேலை நீளும், அக்கூலியையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.