படபடப்புக் குளிசையும் நாடித்துடிப்பும்

போருக்குப் பின்னர் நெஞ்சுப் படபடப்பு எங்களில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. "கவலைதான், வேறொன்றுமில்லை" என்று நாங்களே முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு ஈசீஜியும் எக்கோவும் எடுத்துப் பார்த்தபோது காரணம் கவலையல்ல என்று தெரிந்தது. சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதய வால்வு ஒன்றைச் சுருங்கச் செய்திருந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடித்தன. வேகத்தைக் குறைக்க டிகொக்சின் குளிசை தந்தார்கள்.

இது டிஜிற்றாலிஸ் இனச் செடியிலிருந்து பெறப்படும் மருந்து. அச்செடியின் இலையைப் பற்றி 1785 இல் நூல் எழுதிய ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் விதரிங், அளவு கூடினால் அது நஞ்சாகும் என்பதையும் எழுதியிருந்தார்.

மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டலை இம்மருந்து மெதுவாக்குகிறது. ஆனால் குணப்படுத்தும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் அது கூடினால் நாடி மிகவும் மெதுவாகலாம், இடையிடையே தவறலாம், ஆபத்தான வேகத்தில் ஓடவும் செய்யலாம்.

ஒருமுறை எனக்கு வயிற்றோட்டம் வந்தது. அதன்பின் மூன்று நாட்கள் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டலும் இருந்தது. "மகனின் நினைவுநாள் வருகிறது, அந்த யோசனைதான்" என்றார்கள் வீட்டில். மின்குமிழைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தது. நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 46. அன்றே வைத்தியசாலைக்குப் போனேன். குளிசையைச் சில நாட்கள் நிறுத்தி, இரத்தம் பரிசோதித்து, பின்னர் அளவைக் குறைத்துத் தந்தார்கள்.

வயிற்றோட்டம், வாந்தி, சலம் போவதற்கான குளிசை ஆகியவற்றால் உடலில் பொட்டாசியம் குறையும். அப்போது வழக்கமான அளவே தீங்காகலாம். டிகொக்சினைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகம். எனவே வவுனியா போன்ற சிறுநீரக நோயுள்ள பகுதிகளில் வாழ்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

இக்குளிசை எடுக்கும் சகோதரிகள் செய்யவேண்டியவை:

* தினமும் குளிசைக்கு முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 60 இற்குக் குறைந்தால் அன்றைய குளிசையை எடுக்குமுன் வைத்தியரைக் கேளுங்கள்.
* ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாக எடுக்கவேண்டாம்.
* சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவேண்டாம்.
* வேறு எந்த மருந்து வாங்கினாலும், நாட்டு மருந்தானாலும், கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.
* மயக்கம் வந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

பசி இல்லாமல் போவதற்கு எங்களிடம் எத்தனையோ காரணங்கள் உண்டு. இக்குளிசை எடுப்பவர்கள் அவற்றை நினைக்குமுன் நாடியை எண்ணிப் பாருங்கள்.