மேடையில் கிடைக்கும் நியாயம் வீட்டிலும் கிடைக்க வேண்டும்

இணைய விளையாட்டில் இருவர் நேருக்கு நேர் மோதும்போது, தோற்றவர் தம் தோல்விக்கான காரணத்தைத் தம் ஆட்டத்திலோ எதிராளியின் திறமையிலோ கண்டுகொள்ள முடிந்தால் அந்த மோதல் நியாயமானது. அந்தக் காரணம் இணைப்பின் தொலைவிலோ, கைப்பேசியின் விலையிலோ, எதிராளி மறைத்து வைத்திருக்கும் செயலியிலோ இருக்குமானால், யார் வென்றாலும் அது நியாயமற்றது. ஆட்டக்காரர்கள் 'பி.வி.பி.' என்று சுருக்கிச் சொல்லும் இந்த மனிதர் எதிர் மனிதர் மோதல், கணினி இயக்கும் பாத்திரங்களோடு ஆடும் ஆட்டத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. கணினியிடம் தோற்பவர் மறுபடியும் முயல்கிறார். மனிதரிடம் தோற்பவரோ, தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்ற மதிப்பீட்டையும் சேர்த்தே பெறுகிறார். பதினான்கு, பதினைந்து வயதில் அந்த மதிப்பீட்டை நம்பி மாலைப் பொழுதுகளைச் செலவிடும் பிள்ளைகளுக்கு அது பொய்யாக இருந்துவிடக் கூடாது என்பதே இந்த விவகாரத்தைப் பெரியவர்களும் புரிந்துகொள்ள வேண்டியதற்கான முதற்காரணம்.

கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இது தொலைதூரத்துச் செய்தி அன்று. புக்கிட் ஜாலிலில் உள்ள ஆக்சியாட்டா அரங்கில் 2018 நவம்பரில் 'டோட்டா 2' ஆட்டத்தின் கோலாலம்பூர் மேஜர் போட்டி நடைபெற்று, ரஷ்யாவின் விர்டஸ்.புரோ அணி வாகை சூடியது. 'மொபைல் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தின் முதல் உலக வாகையர் போட்டியான எம்1, 2019 நவம்பரில் இதே நகரில் நடந்தது. 2024 டிசம்பரில் ஆறாவது போட்டியின் இறுதியாட்டமும் கோலாலம்பூருக்கே திரும்பி வந்து, பிலிப்பீன்ஸின் ஃபினாட்டிக் ஓனிக் அணிக்குக் கிண்ணத்தைத் தந்தது. அதே ஆண்டு ஜூலையில் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் இடைப்பருவக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணி 4-3 என்ற கணக்கில் வென்றபோது, இந்தப் பள்ளத்தாக்கின் பெயரும் உலக அரங்கில் ஒலித்தது. மலேசிய அரசு 2019ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலேயே மின்விளையாட்டுக்கென 1 கோடி ரிங்கிட் ஒதுக்கியிருந்தது.

ஆனால் அரங்க மேடையில் ஆடும் பத்துப் பேருக்குக் கிடைக்கும் நியாயமும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவை அடுத்த கடை வீட்டிலோ அமர்ந்து அதே ஆட்டத்தை ஆடும் இளையருக்குக் கிடைக்கும் நியாயமும் ஒன்றல்ல. மேடையில் எல்லாருக்கும் நிகரான கருவி, ஒரே இணைப்பு, கண்காணிக்கும் நடுவர், முன்னரே அறிவிக்கப்பட்ட விதி ஆகிய நான்கும் உண்டு. வீட்டில் இவற்றில் ஒன்றுக்குக்கூட உறுதியில்லை. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவைக் குறைக்க முடியும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வேறுபட்ட ஆயுதங்கள், சமமான வாய்ப்பு

சதுரங்கத்தில் இருவருக்கும் ஒரே மாதிரியான காய்கள் கிடைக்கின்றன. இணைய மோதல்களில் பெரும்பாலும் அப்படியில்லை. மொபைல் லெஜண்ட்ஸில் ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வீரப் பாத்திரங்களிலிருந்து ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஆட்டக்காரர்கள் 'ஹீரோ' என்று அழைக்கும் இந்தப் பாத்திரங்களில் ஒன்று தூரத்திலிருந்து தாக்கும், ஒன்று அடிகளைத் தாங்கும், ஒன்று தோழர்களின் காயத்தை ஆற்றும். எல்லாமே வெவ்வேறாக இருக்கும்போது சமம் எப்படி உண்டாகும் என்ற கேள்விக்கு ஆட்டத்தை உருவாக்குபவர்கள் இரண்டு விடைகளைக் கண்டிருக்கிறார்கள்.

முதலாவது, இடையறாத திருத்தம். எந்த ஹீரோ அளவுக்கு மீறி வெல்கிறது, எது யாராலும் தீண்டப்படாமல் கிடக்கிறது என்பதைப் பல லட்சம் ஆட்டங்களின் முடிவுகளிலிருந்து கணித்து, சில வாரங்களுக்கு ஒருமுறை அவற்றின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் வெளியிடுகிறார்கள். 'பேட்ச்' என்பது இந்தத் திருத்தத்தின் பெயர். இரண்டாவது, திருத்தத்துக்கும் தப்பிய ஏற்றத்தாழ்வை ஆட்டக்காரர்களே சரிசெய்துகொள்ளும் தடை-தேர்வு முறை. போட்டி ஆட்டங்களில் ஒவ்வோர் அணியும் ஐந்து ஹீரோக்களை விலக்கிவிடலாம். தேர்வில் முதல் அணி ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த அணி இரண்டைத் தேர்கிறது, அதற்குப் பின் மறுபடியும் முதல் அணி இரண்டைத் தேர்கிறது. முதலில் கை வைப்பவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை அடுத்தவருக்குக் கிடைக்கும் இரட்டைத் தேர்வு ஈடுகட்டுகிறது. எதிராளி எதை எடுத்தார் என்று பார்த்த பிறகு எடுப்பதே ஒரு பலம் அல்லவா!

வீட்டில் ஆடுபவருக்கு இங்கேதான் முதல் இடர்ப்பாடு எழுகிறது. போட்டி மேடையில் எல்லா ஹீரோக்களும் எல்லாருக்கும் திறந்திருக்கும். சாதாரணக் கணக்கிலோ ஒவ்வொரு ஹீரோவையும் பல நாள் ஆடிச் சேர்த்த புள்ளிகளாலோ பணத்தாலோ பெற வேண்டும். டோட்டா 2 எல்லா ஹீரோக்களையும் தொடக்கம் முதலே இலவசமாகக் கொடுத்து, தோற்றத்தை மாற்றும் அலங்காரங்களை மட்டும் விற்கிறது. அழகுக்குப் பணம் வாங்குவதில் யாருக்கும் நட்டமில்லை. வலிமைக்குப் பணம் வாங்கினால் அந்தச் செலவின் பாரம் எதிரே நிற்பவர் தலையில் விழுகிறது.

சம்மதத்தோடு வரும் போர்

சமமற்ற மோதலின் பழைய வடிவம் ஒன்றை 1997இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' என்ற ஆட்டத்தில் காணலாம். பல்லாயிரம் பேர் ஒன்றாக வாழும் கற்பனை உலகமாக அமைந்த அதில், யார் வேண்டுமானாலும் யாரையும் தாக்கலாம் என்றிருந்ததால், மீன் பிடிக்கவும் தச்சு வேலை செய்யவும் வந்த புதியவர்களை அனுபவசாலிகள் வழிமறித்துக் கொன்று பொருளைப் பறித்தார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த உலகத்தையே இரண்டாகப் பிரித்து, ஒன்றில் பழையபடி யாரும் யாரையும் தாக்கலாம் என்றும், மற்றொன்றில் சம்மதித்தவர்களுக்கு இடையில் மட்டுமே சண்டை என்றும் விதித்த பிறகே அமைதி திரும்பியது. அம்பு விடுவதற்கு முன் அறிவித்து, போருக்கு உரியவர் அல்லாதோர் பாதுகாப்பான இடம் சேர வழிவிட்ட பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூற்றில் நெட்டிமையார் போற்றுகிறார். தமிழ்ப் போரறம் முன்வைத்த அதே கொள்கைக்கு இணைய உலகம் பட்டறிந்து வந்து சேர்ந்தது. பின்வந்த ஆட்டங்கள் இன்னும் ஓரடி முன்னே சென்றன: 2012இல் வெளியான 'கில்ட் வார்ஸ் 2', மோதல் களத்துக்குள் நுழையும் எந்தப் பாத்திரத்தையும் உச்ச நிலைக்கு உயர்த்தி, எல்லாருக்கும் நிகரான கவசமும் ஆயுதமும் தந்துவிடுகிறது. அங்கே நேற்றுச் சேர்ந்தவரும் பல ஆண்டு ஆடியவரும் கைத்திறனில் மட்டுமே வேறுபடுகிறார்கள்.

யாருக்கு எதிரே யார்?

குத்துச்சண்டையில் எடைப்பிரிவு செய்யும் வேலையை இணைய ஆட்டங்களில் இணைசேர்ப்பு முறை செய்கிறது. அதன் வேர் சதுரங்கத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் ஈலோ வகுத்த மதிப்பெண் முறையை 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. இருவருக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 அளவில் வெற்றி காண்பார் என்று அது எதிர்பார்க்கிறது; 400 புள்ளியானால் அது 91 ஆகிறது. வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் வென்றால் புள்ளி சிறிதளவே நகரும், எதிர்பார்க்கப்படாதவர் வென்றால் பெரிதாக நகரும். ஆகவே ஆட ஆட ஒவ்வொருவரும் தம் உண்மையான இடத்தை நெருங்குகிறார்கள். இந்தக் கணக்கின் வழிவந்த முறைகளே இன்று கைப்பேசி ஆட்டங்களிலும் யாரை யாரோடு சேர்ப்பது என்று முடிவு செய்கின்றன.

மதிப்பெண் உண்மையாக இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு நிற்கும். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் புதுக் கணக்குத் தொடங்கித் தொடக்கநிலையினர் நடுவே புகுந்து விளையாடுவதை 'ஸ்மர்ஃப்' என்கிறார்கள். எதிரே இருக்கும் ஐவருக்கும் அந்த அரைமணி நேரம் வீணாகிறது, அவர்களின் மதிப்பெண்ணும் பொய்யாகிறது. இதைக் குறும்பு என்று ஒதுக்கிவிட முடியாது என்று உணர்ந்த டோட்டா 2 தயாரிப்பாளரான வால்வ் நிறுவனம், 2023 செப்டம்பரில் இத்தகைய 90,000 கணக்குகளைத் தடைசெய்தது.

இணைப்பின் தொலைவு

கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி ஆட்டத்தை நடத்தும் சர்வருக்குச் சென்று திரும்பும் நேரம் 'பிங்' எனப்படுகிறது. அது மில்லி வினாடியில், அதாவது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கப்படுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 300 கிலோமீட்டர் சொச்சத்தில் உள்ள சிங்கப்பூர் சர்வருக்குக் கோலாலம்பூரிலிருந்து போய்வர 3 மில்லி வினாடியே போதும். 5,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோக்கியோவுக்கு 53 மில்லி வினாடியாவது ஆகும். வழியில் உள்ள இணைப்புக் கருவிகளும் வீட்டு வைஃபையும் இதோடு தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. இயற்கை விதித்த இந்தத் தாமதத்தை யாராலும் ஒழிக்க முடியாது. அதன் சுமையை யார் ஏற்பது என்பதை மட்டுமே தீர்மானிக்க முடியும்.

வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இல் விளக்கிய தாமத ஈட்டு முறை இன்றும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் பரவலாகப் பயன்படுகிறது. 120 மில்லி வினாடி பிங் உள்ள ஒருவர், சுவரோரம் ஓடும் எதிராளியைத் தம் திரையில் கண்டு சுடுகிறார் என்று கொள்வோம். அந்தச் செய்தி சர்வரை அடைவதற்குள் 20 மில்லி வினாடி பிங் உள்ள எதிராளி சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டார். சர்வர் உடனே காலத்தைப் பின்னோக்கி நகர்த்தி, சுட்டவர் பார்த்த கணத்தில் எதிராளி எங்கே நின்றார் என்று சரிபார்த்து, குறி தப்பவில்லை என்று தீர்ப்பளிக்கிறது. சுட்டவருக்கு இது நியாயம்; சுவருக்குப் பின்னால் நின்றபடியே உயிரிழந்தவருக்கோ இது பெரும் அநியாயமாகத் தோன்றும். இருவருமே தத்தம் திரையில் உண்மையைத்தான் கண்டார்கள். அதனால்தான் பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றுகள் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ், ஒரே உள்வலையில் அமர்த்துகின்றன. சைபர் கபேக்களில் அக்கம்பக்கமாக அமர்ந்து ஆடிய தலைமுறைக்கும் இந்தச் சமத்துவம் இயல்பாகவே கிடைத்திருந்தது.

மறைவில் நடக்கும் களவு

இதுவரை சொன்னவை வடிவமைப்பின் குறைகள். ஏமாற்று என்பது மனிதரின் குற்றம். எதிரியின் மீது தானாகவே குறியைப் பொருத்தும் செயலியும், மறைவிலுள்ள எதிரியை வரைபடத்தில் காட்டும் 'மேப் ஹேக்' என்ற செயலியும் இதில் முதன்மையானவை. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த 'கவுன்டர் ஸ்ட்ரைக்' போட்டியில், இந்திய அணி ஒன்றைச் சேர்ந்த ஆட்டக்காரரின் கணினியை ஆட்ட நடுவில் நடுவர்கள் சோதித்தார்கள். ஆவணம் எழுதும் மென்பொருளைப் போலப் பெயர் சூட்டப்பட்டிருந்த ஒரு கோப்பு, குறிபார்க்கும் செயலியாக இருந்தது. அணி அன்றே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. தவறேதும் செய்யாத நான்கு தோழர்களும் அந்தத் தண்டனையில் பங்கேற்க நேர்ந்ததுதான் இதில் மனத்தை உறுத்துவது.

மேடையில் தோள் அருகே நடுவர் நிற்க முடியும். கோடிக்கணக்கான வீடுகளில் முடியாது. ஆகவே தயாரிப்பாளர்கள் நுட்பத்தை நாடுகிறார்கள். ஆட்டக்காரரின் கண்ணுக்குத் தெரியக் கூடாத எதிரியின் இருப்பிடத்தை அவருடைய கருவிக்கே அனுப்பாமல் விடுவது இவற்றுள் மிகச் சிறந்தது, ஏனெனில் வந்து சேராத தகவலை எந்தச் செயலியாலும் திருட முடியாது. 2020இல் வெளியான 'வேலரன்ட்' இந்த வழியைக் கையாள்கிறது. கூடவே, கணினி இயங்கத் தொடங்கும்போதே விழித்துக்கொண்டு அதன் ஆழம் வரை பார்க்கும் காவல் மென்பொருளையும் நிறுவச் சொல்கிறது. நியாயத்துக்காகத் தனியுரிமையை எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்ற விவாதம் இதனால் சூடுபிடித்தது. வால்வ் நிறுவனமோ, சாதாரண ஆட்டத்தில் எவரும் படிக்க வாய்ப்பில்லாத தகவல் பகுதி ஒன்றைப் பொறியாகத் தன் டோட்டா 2 ஆட்டத்துக்குள் வைத்தது. ஏமாற்றுச் செயலிகள் மட்டுமே அதைத் தொட்டன, 2023 பிப்ரவரியில் 40,000க்கும் மேற்பட்ட கணக்குகள் ஒரேயடியாக முடக்கப்பட்டன.

செயலியே இல்லாமலும் நியாயம் சிதையக்கூடும். 2014இல் டோட்டா 2 உலகப் போட்டி வரை சென்ற ஏரோ கேமிங் என்ற மலேசிய அணி, அதே ஆண்டு பந்தயப் பணத்துக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுத்த விவகாரத்தில் சிக்கிக் கலைந்தது. முந்திய ஆண்டில்தான் ஆரஞ்ச் என்ற மற்றொரு மலேசிய அணி அதே உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்று நாட்டுக்குப் பெருமை சேர்த்திருந்தது.

வீட்டுக்கு வர வேண்டியவை

மேடையின் நான்கு உறுதிகளில் நிகரான கருவியையும் ஒரே இணைப்பையும் வீடுதோறும் தந்துவிட முடியாது. மற்ற இரண்டையும், அதாவது தெளிவான விதியையும் நம்பத்தக்க நடுவரையும், நிறுவனங்கள் மனம் வைத்தால் தரலாம். இணைசேர்ப்பில் எவை கணக்கிடப்படுகின்றன என்று வெளிப்படையாகச் சொல்லலாம். பிங் அளவில் பெரிதும் வேறுபடுபவர்களைத் தரவரிசை ஆட்டங்களில் எதிரெதிரே நிறுத்தாமல் இருக்கலாம். முறையீடு செய்தவருக்கு அதன் முடிவைத் தவறாமல் தெரிவிக்கலாம். வலிமையை விற்பதை அறவே நிறுத்தலாம். மின்விளையாட்டுக்கு நிதி ஒதுக்கும் அமைச்சும் பள்ளிகளில் போட்டி நடத்தும் அமைப்புகளும் இவற்றை நிபந்தனையாக முன்வைக்கும் உரிமை உடையவை.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு நேரம் ஆடுகிறாய் என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், ஏன் தோற்றாய் என்றும் பிள்ளையிடம் கேட்கலாம். எதிராளி தன்னைவிடத் தேர்ந்தவர், தன் ஹீரோ தேர்வு தவறு என்று அந்தப் பிள்ளையால் விளக்க முடிந்தால், அந்த ஆட்டம் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. விளக்க முடியாமல் ஒவ்வொரு நாளும் கசப்போடு எழுந்து வருகிறதென்றால், ஆட்டத்தை மாற்றுவதற்கான நேரம் அது. தோல்வியைத் தாங்கும் வலு இளையோருக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. தாங்கும்படி அவர்களிடம் கேட்பதற்கு முன், அந்தத் தோல்வி நேர்மையானதாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டிய கடமை, அவர்களின் நேரத்தையும் பணத்தையும் பெற்றுக்கொள்பவர்களுடையது.