கரண்டும் கீமோவும்: ஏழு வாரமும் நிற்காமல் நடக்க வேண்டும்

தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் முற்றிய பிறகு தெரியவந்தால், பெரும்பாலும் கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்தே தருவார்கள். வாய்ப் புற்றுக்கு முதலில் அறுவை. பிறகு தேவைப்பட்டால் இந்தக் கூட்டுச் சிகிச்சை. ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்று நம் திருவள்ளூர் மாவட்டக் காட்டுப்பாக்கத்தில் சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏறும். கதிர்வீச்சைத் தாங்கும் சக்தியைப் புற்றுச் செல்கள் இழக்கும்படி அந்த மருந்து செய்கிறது.

சென்னைக்கு இது புதிதல்ல. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும், வாய்ப் புற்றுக்கு பிளியோமைசின் மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்த முடிவுகளை 1970களிலேயே வெளியிட்டார்கள். பின்னர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கதிர்வீச்சோடு கீமோவும் சேர்ந்தால் 5 ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு 6, 7 பேர் கூடியிருந்தனர். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பலன் குறைவு.

இடையில் நிறுத்தினால்

வழக்கமான அளவு 70 கிரே. வாரம் 5 நாள், 35 முறை, 7 வாரம். மூன்றாம் வாரம் வாய் வெந்து புண்ணாகும்; கரைத்த தயிர் சாதம்கூட இறங்காது. ‘கொஞ்சம் தேறட்டும், அப்புறம் போகலாம்’ என்று வீட்டார் நிறுத்துவது அப்போதுதான். அந்த இடைவெளியில் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகும். சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது.

ஆகவே தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்:

- பல் மருத்துவரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.
- சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் செவித்திறன் பரிசோதனையும் கேளுங்கள். சிஸ்பிளாட்டின் இரண்டையும் பாதிக்கக்கூடியது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டோசிடாக்சல் உதவும் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு 2023-ல் காட்டியது.
- விழுங்க முடியாவிட்டால் மூக்கு வழி டியூபுக்குத் தயங்காதீர்கள். எடை குறையாமல் இருந்தால்தான் சிகிச்சை தடைபடாது.
- காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.
- ஏழு வாரம் போக வர யார் துணை, என்ன வண்டி என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

செலவும் உரிமையும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே அட்டை வாங்கிவிடுங்கள். இந்தத் திட்டத்தில் உங்கள் மருத்துவமனை சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், பலன், பக்கவிளைவு, வேறு வழி ஆகியவற்றைத் தமிழில் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை. வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி.

கவனக்குறைவால் பாதிப்பு என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. நீங்கள் குடியிருக்கும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பில், ஸ்கேன், மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

வலியோ, பணமோ, போக்குவரத்தோ எது தடுத்தாலும், ஒரு நாள் தவறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு; தவறவிட்ட நாட்களை ஈடுகட்டுவதுதான் கடினம்.