ஆட்டை விற்கும் முன்பே வரும் பணம்

வறட்சி வெள்ளத்தைப் போல ஒரே இரவில் வருவதில்லை. முதலில் மழை பொய்க்கும். பிறகு புல் காயும், ஆடுமாடுகள் மெலியும். வட கென்யாவில் கால்நடைகள்தான் பல குடும்பங்களின் சேமிப்பு. மெலிந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர் சந்தைக்குப் போனால், அதே எண்ணத்தோடு ஊரே அங்கு நிற்கும். ஆட்டின் விலை சரியும், சோளத்தின் விலை ஏறும். வந்த விலைக்கு விற்றுவிட்டால், அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் மேய்ப்பதற்கு ஆடு இருக்காது.

இந்தச் சரிவைத் தடுக்க அந்நாட்டில் ஒரு சமூக உதவித் திட்டம் இருக்கிறது. 'பசிப் பாதுகாப்பு வலை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். பல்கலைக்கழகப் பாடத்துக்காக அதைப் பற்றிப் படித்தபோது, பணம் போய்ச் சேரும் விதம்தான் என்னை அதிகம் கவர்ந்தது.

துர்கானா, மார்சபிட், மண்டேரா, வஜிர் ஆகிய நான்கு வட்டாரங்களில் சுமார் ஓர் இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உதவித்தொகை கிடைத்து வந்தது. ஆனால், அதிகாரிகள் அவர்களை மட்டும் பதியவில்லை. வழக்கமான உதவி பெறாத குடும்பங்களையும் பதிந்து, பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கும் திறந்து வைத்தார்கள். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தாவரங்களின் பசுமையை மாதந்தோறும் கணக்கிடுகிறார்கள். அது குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால், அந்தக் கூடுதல் குடும்பங்களில் பலருக்கும் அவசரத் தொகை கணக்கில் சேரும். 2015இல் முதன்முதலாக இப்படிக் கொடுத்தார்கள். எந்த அமைச்சரும் வந்து பார்வையிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை!

குறைகள் இல்லாமல் இல்லை. 2020இன் இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து பருவமழைகள் பொய்த்தபோது இலட்சக்கணக்கான கால்நடைகள் மடிந்தன. ஒரு மாதத் தொகையால் ஒரு மந்தையைத் திரும்ப வாங்க முடியாது. சோளம் வாங்கலாம், ஆட்டைச் சில வாரங்கள் விற்காமல் வைத்திருக்கலாம். பட்டியலும் பழையதாகிவிடும். பதிவு முடிந்த பிறகு திருமணமாகித் தனிக்குடித்தனம் போனவர்களைச் செயற்கைக்கோள் கண்டுபிடித்துத் தராது.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் என அரசாங்கம் அறிவித்தது. மெத்தையும் குளிர்பதனப் பெட்டியும் சேற்றில் போன வீட்டுக்கு அது தேவையான உதவிதான். ஆனால், நாசி லெமாக் விற்பவருக்கும் மோட்டார்சைக்கிளில் உணவு விநியோகம் செய்பவருக்கும் முதல் நாளே வருமானம் நின்றுவிடுகிறது. வீட்டு வாடகையும் மோட்டார்சைக்கிள் தவணையும் நிற்பதில்லை.

ஆற்று நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறை ஏற்கெனவே அளந்து வருகிறது. அதற்கு அபாய அளவும் உண்டு. எஸ்.டி.ஆர். உதவி பெறும் பெரும்பாலோரின் வங்கிக் கணக்கு விவரமும் அரசாங்கத்திடம் இருக்கிறது. இரண்டையும் இணைத்தால், நீர் அபாய அளவைத் தாண்டும் அன்றே ஒரு தொகையைக் கணக்கில் சேர்க்க முடியும் என்பது என் கருத்து. பொருள்களை மேட்டுக்கு ஏற்ற லாரி பிடிக்கவாவது அது உதவும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. எஸ்.டி.ஆர். பட்டியல் வருமானத்தைப் பார்த்துத் தயாரிக்கப்பட்டது. வெள்ளமோ தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்குள்ளும் புகும். ஆகவே, உதவி பெறாதவர்களையும் சேர்த்து ஆற்றோரக் குடும்பங்கள் அனைத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். அதை வெயில் காலத்திலேயே செய்துவிடலாம்.